இடுக்கில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்ப: வளைந்த ட்ரைவர் வாங்கவும் பாவிக்கவும் ஒரு வழிகாட்டி

சுவரோடு ஒட்டிய பென்ட்ரி அலுமாரியின் பிணைச்சல், சிங்க்குக்குக் கீழே குழாயைப் பிடித்திருக்கும் கிளிப், தையல் மெஷினின் ஊசித்தட்டு, த்ரீவீலில் கார்ப்ரேட்டர் பக்கம். சாதாரண ஸ்க்ரூட்ரைவரை நேராக நிறுத்த இடமில்லாத ஸ்க்ரூ ஆணி ஒன்றாவது எல்லா வீட்டிலும் இருக்கும். ட்ரைவரைச் சரித்துப் பிடித்துத் திருப்பப் போய், ஆணித்தலையை அரைத்துவிட்டு, கடைசியில் பாஸ் (கைவேலைக்காரர்) ஒருவரைக் கூப்பிட்டு அரை நாள் கூலி கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

அந்த வேலைக்கென்றே வளைந்த ட்ரைவர்கள் இருக்கின்றன. அளவு பார்த்து வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். பார்க்காமல் வாங்கினால் அதே ஆணித்தலையை இன்னும் வேகமாக அரைக்கும். தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள்: இடுக்கில் ஆணி கெடுவது திருப்பப் பலம் போதாமல் அல்ல, தலையை நேராக அழுத்திப் பிடிக்க வழி இல்லாமல். கீழே வரும் படி 8 அந்த அழுத்தத்தைப் பற்றியதுதான்.

1. கடைக்குப் போகுமுன் அளவெடுங்கள்

முதலில் உயரம். ஆணித்தலையில் இருந்து எதிரே மறிக்கிற சுவர் அல்லது தட்டு வரை எவ்வளவு இடம் இருக்கிறது? அடிமட்டம் அங்கே நுழையாது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஆணித்தலையில் முட்ட நிறுத்தி, மறிக்கிற இடத்தில் நகத்தால் கீறி, வெளியே எடுத்து முறித்து அளவுங்கள். அந்த ஈர்க்குத் துண்டை எறிய வேண்டாம், கடைக்குக் கொண்டு போங்கள்.

இரண்டாவது வீச்சு. ஆணியை மணிக்கூட்டின் நடுவாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி 12 மணியில் இருந்து 3 மணி வரை தடையில்லாமல் போய்வருமா? போனால் 90 பாகை இருக்கிறது. 1 மணியிலேயே குழாயில் முட்டினால் உங்களுக்கு 30 பாகைதான். எந்த வகை வாங்குவது என்பதை இந்த ஒரு அளவே பெரும்பாலும் முடிவு செய்யும்.

மூன்றாவது ஆணியின் நீளம். இதைத்தான் கனக்கப் பேர் மறக்கிறார்கள். கழற்றும்போது ஆணி வெளியே வரும், வரவரக் கருவியையும் தன்னோடு தள்ளிக்கொண்டு வரும். 35 மில்லிமீற்றர் இடத்தில் 32 மில்லிமீற்றர் உயரக் கருவியை நுழைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 3 மில்லிமீற்றர். அதற்குப் பிறகு கருவி ஆணிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிவிடும்.

இதோடு ஆணித்தலையைக் கைத்தொலைபேசியில் டோர்ச் போட்டுக் கிட்ட வைத்து ஒரு படம் எடுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

2. ஆணித்தலை எது என்று பாருங்கள்

பழைய பற்தூரிகையால் தலையில் இருக்கும் அழுக்கையும் பெயின்டையும் முதலில் சுரண்டி எடுங்கள். பள்ளத்துக்குள் பெயின்ட் இருந்தால் எந்த பிட்டும் (ட்ரைவரில் சொருகும் மாற்று முனை) ஆழமாக உட்காராது.

ஒரே கோடு என்றால் சப்பைத் தலை. சிலுவைக் குறி என்றால் அவசரப்பட்டு “ஸ்டார்” என்று சொல்லிவிட வேண்டாம். இங்கே மூன்று சாதிகள் ஒன்றுபோலத் தெரியும். சாதாரணமானது பிலிப்ஸ். வீட்டில் அதிகம் வருவது பிஎச்2 அளவு. சிலுவையின் கைகளுக்கு நடுவே மெல்லிய நாலு கோடுகள் இருந்தால் அது பொசிட்ரைவ். பென்ட்ரி அலுமாரிப் பிணைச்சல்களில் இது நிறைய வரும், பெரும்பாலும் பிஇசட்2. அதில் பிஎச்2 பிட்டைப் போட்டால் ஆடும், இறுக்கத்தில் வழுக்கும். மூன்றாவது ஜப்பான் தர ஆணி. ஜப்பான் வாகனங்களிலும் மெஷின்களிலும் வரும். தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருந்தால் அதுவாக இருக்கலாம். கொழும்பில் ஓடுகிற கார்களில் ஜப்பான் கார்களே அதிகம் என்பதால் இந்தப் புள்ளியைத் தேடிப் பார்ப்பது நல்லது. அதற்கு ஜேஐஎஸ் பிட் கேட்டு வாங்குங்கள்.

குழாய்க் கிளிப் என்றால் இன்னொரு விசயம். அதன் தலையில் கோடு இருந்தாலும் சுற்றிவர ஆறு மூலை இருக்கும். அதற்கு ட்ரைவரே வேண்டாம். 7 அல்லது 8 மில்லிமீற்றர் ஸ்பனர் பக்கவாட்டில் இருந்தே பிடிக்கும், வழுக்காது. இருக்கிற ஸ்பனரை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

3. அளவுக்கேற்ற வகை

10 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் இருந்தால் கட்டை ட்ரைவர் போதும். பிடி தடிப்பாக, தண்டு குறுகி இருக்கும் சாதாரண ட்ரைவர்தான். நேராக அழுத்தலாம் என்பதால் இடம் இருக்கிறவரை இதுவே சிறந்தது. வளைந்ததற்கு ஆசைப்பட வேண்டாம்.

சுமார் 4 முதல் 10 சென்ரிமீற்றர் வரை ரச்செட் வகை. தட்டையான கைப்பிடி, நுனியில் கால் அங்குல அறுகோண ஓட்டை, அதில் 25 மில்லிமீற்றர் பிட். பிட்டோடு சேர்த்து மொத்த உயரம் பொதுவாக 3 சென்ரிமீற்றரைச் சுற்றி வரும். திருப்பிவிட்டுக் கைப்பிடியை மட்டும் பின்னுக்கு இழுக்கலாம், பிட்டை எடுக்கத் தேவையில்லை. உள்ளே 72 பல் இருந்தால் 5 பாகை வீச்சிலேயே வேலை செய்யும், 36 பல் என்றால் 10 பாகை வேண்டும், 24 பல் என்றால் 15. வீச்சு குறைந்த இடத்துக்கு வேறு வழியே இல்லை, ரச்செட்தான்.

அதைவிடவும் உயரம் குறைந்தால் வளைந்த கம்பி ட்ரைவர். இசட் எழுத்துப்போல இரண்டு முனையும் எதிரெதிராக மடிந்திருக்கும். சப்பை வகையில் ஒரு முனை கம்பியின் வழியாகவும் மற்றது அதற்குக் குறுக்காகவும் தீட்டப்பட்டிருக்கும். அது அழகுக்குச் செய்ததில்லை. ஒரு முனையால் கால் சுற்று, பிறகு கம்பியைப் புரட்டி மற்ற முனையால் அடுத்த கால் சுற்று. ஆகவே 90 பாகை வீச்சு இருந்தால்தான் இதை வாங்குங்கள். சிலுவை வகையும் அப்படியே, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒருமுறை எடுத்துப் போட வேண்டும். ஒரு முனை பிஎச்1, மற்றது பிஎச்2 என்று வருபவை உண்டு. இரண்டும் உங்களுக்கு உதவும் என்று நினைத்து ஏமாற வேண்டாம், ஒரு ஆணிக்கு ஒரு முனைதான் பொருந்தும்.

காசு செலவழிக்காத வழியும் இருக்கிறது. வீட்டில் கால் அங்குல ரிங் ஸ்பனர் இருந்தால் அதன் வளையத்துக்குள் சாதாரண பிட்டைச் சொருகித் திருப்பலாம். பிட் நழுவி விழும், மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

வளைந்து நெளியும் கம்பித் தண்டு வகையைப் பார்த்தால் மனம் இழுக்கும். இறுகின ஆணிக்கு அது உதவாது. தண்டு முறுக்கிக்கொள்ளும், ஆணி அசையாது. லேசாக இருக்கிற ஆணியைத் தூர இடத்தில் சுழற்ற மட்டும் அது சரி.

4. எங்கே, எப்போது வாங்குவது

ஊர்ச் சந்தி ஹாட்வெயார் கடைகளில் கட்டை ட்ரைவர் கிடைக்கும், நல்ல ரச்செட் கிடைப்பது அரிது. கொழும்பு 12 இல் பழைய சோனகத் தெருவும் அதைச் சுற்றிய தெருக்களும்தான் இரும்புச் சாமானுக்கும் கருவிகளுக்கும் பேர்போனவை. வாகன வேலைக்கான பிட் என்றால் பஞ்சிகாவத்தைப் பக்கமும் ஒரு நடை பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருந்து வருபவர்கள் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் எடுத்துப் புறக்கோட்டையில் இறங்கலாம்.

நாளைப் பார்த்துப் போங்கள். ஞாயிறும் போயாவும் வீண் அலைச்சல். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் பழைய சோனகத் தெருவில் பல கடைகள் பூட்டியிருக்கும். கிழமை நாளில் காலை 10 மணிக்கு முன் போனால் கடைக்காரருக்கு உங்களோடு நின்று பிட்டைப் பொருத்திப் பார்க்க நேரம் இருக்கும். மதியத்துக்குப் பிறகு மொத்த வியாபாரிகளின் நெருக்கடி.

பேர் தெரியாவிட்டால் கவலை இல்லை. எடுத்த படத்தையும் ஈர்க்குத் துண்டையும் காட்டி “வளைஞ்ச ஸ்க்ரூட்ரைவர், ரச்செட்” என்றால் விளங்கிக்கொள்வார்கள். சிங்களத்தில் ஸ்க்ரூட்ரைவருக்கு “இஸ்குருப்பு நியன”.

5. செலவு

ரூபாக் கணக்கு இங்கே எழுதவில்லை. இறக்குமதிச் சாமான், டொலரோடு ஏறி இறங்கும், இன்று எழுதியது அடுத்த மாதம் பிழையாகும். வரிசை மட்டும் மாறாது. வளைந்த கம்பி ட்ரைவரும் கட்டை ட்ரைவரும் மலிவு, ரச்செட் அதைப்போல சில மடங்கு. ரச்செட்டும் பத்துப் பன்னிரண்டு பிட்டும் சேர்ந்த பெட்டி வாங்குவது தனித்தனியாக வாங்குவதைவிட லாபம்போலத் தெரியும். பெட்டியைத் திறந்து பிஎச்1, பிஎச்2, பிஇசட்2, 4 மற்றும் 6 மில்லிமீற்றர் சப்பை இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை நிரப்ப ஒரே அளவை மூன்று தரம் போட்டிருப்பார்கள்.

பட்ஜெட் இறுக்கம் என்றால் ரச்செட்டை நடுத்தரமாக எடுத்து, அடிக்கடி பாவிக்கும் இரண்டு பிட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஆணித்தலையைத் தொடுவது பிட்தான். எஸ்2 என்று பொறித்த பிட்கள் முனை மழுங்காமல் கூடநாள் நிற்கும்.

விலை கேட்கும்போது “வற் சேர்த்தா?” என்று கேட்டுவிடுங்கள். 2024 ஜனவரியில் இருந்து அந்த வரி 18 வீதம். பில் போடும்போது மேலே ஏறினால் பேரம் பேசியது வீண்.

6. கவுண்டரிலேயே சோதித்து, பில் வாங்குங்கள்

பிட்டைச் சொருகி விரலால் ஆட்டுங்கள். தளர்ந்து ஆடினால் அடுத்ததை எடுங்கள். பிறகு காதுக்குக் கிட்ட வைத்து, பிட்டைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்பக்கமாகக் கால் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். எத்தனை தரம் “டிக்” என்கிறது? 18 என்றால் 72 பல், 9 என்றால் 36 பல், 6 என்றால் 24 பல். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த எண்ணிக்கை பொய் சொல்லாது. இரண்டு திசையிலும் செய்து பாருங்கள், ஒரு திசையில் மட்டும் பிடிக்கிற சாமான்களும் பெட்டிக்குள் இருக்கும்.

கம்பி வகையில் இரண்டு மடிப்பையும் வெளிச்சத்தில் பிடித்து வெடிப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சப்பை முனையின் விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கக் கூடாது. சதுரமாக, மட்டமாக இருக்க வேண்டும்.

பில்லில் திகதி, சாமானின் பேர், விலை மூன்றும் இருக்கட்டும். “டூல் 1” என்று மட்டும் எழுதிய துண்டு பிறகு எதற்கும் உதவாது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. வரண்டி சொன்னால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், வாய்ச் சொல் நிற்காது. சாமான் பிழைத்துக் கடையில் சரிவராவிட்டால் வாங்கி 3 மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. பில்லை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். வெப்பக் கடதாசியில் அச்சான பில் சில மாதத்தில் வெளிறிவிடும்.

7. வேலைக்கு முன்

மின்சார வேலை என்றால் மெயின் சுவிட்சை நிற்பாட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வையுங்கள். வளைந்த ட்ரைவர் முழுவதும் வெறும் இரும்பு, நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிடியில் ரப்பர் பூசியிருந்தாலும் அது மின்காப்பு ஆகாது.

ஆணிக்குக் கீழே ஒரு துணி விரியுங்கள். கடலோரக் காற்றில் ஆணி கறள் பிடித்திருந்தால் டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஒரு துளி விட்டு 15 நிமிடம் பொறுங்கள். மோசமான கறள் என்றால் இரவு விட்டுக் காலையில் தொடுங்கள். தேங்காய் எண்ணெய் ஊறாது, பிசினாகிவிடும்.

8. கழற்றுதல்: அழுத்தத்துக்கு வழி செய்யுங்கள்

பிட்டைப் பள்ளத்தில் உட்கார வைத்து, இடது கைப் பெருவிரலை ரச்செட்டின் முதுகில், பிட்டுக்கு நேர் மேலே வையுங்கள். கைப்பிடியின் நடுவில் வைத்தால் பிட் சாயும், சாய்ந்தால் வழுக்கும். வலது கை திருப்ப மட்டும். அழுத்துவது முழுக்கப் பெருவிரல்.

விரல் நுழையாத இடமா? எதிர்ச் சுவரையே பாவியுங்கள். ரச்செட்டின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி இறுக்குங்கள். கருவியின் முதுகோடு உரசுகிற பக்கத்தில் பழைய ஏடிஎம் அட்டையின் துண்டு ஒன்றை வைத்தால் வழுக்கித் திரும்பும். இப்போது பிட் பள்ளத்தை விட்டு எழும்ப இடமே இல்லை. ஆனால் ஆணி கால் சுற்றுத் திரும்பினதும் குச்சிகளை உருவிவிடுங்கள். ஆணி வெளியே வரவர அவை இறுகும்.

முதல் அசைவை இறுக்குகிற திசையில் கொஞ்சம் கொடுங்கள், மயிரிழை போதும். கறள் அப்படித்தான் உடையும். பிறகு இளக்குங்கள். கீழே படுத்துக்கொண்டோ கண்ணாடியில் பார்த்தோ வேலை செய்யும்போது திசை தடுமாறும். ஆணித்தலைக்கு முன்னே நீங்கள் நிற்பதாக நினைத்தால் இளக்குவது எப்போதும் இடஞ்சுழி.

பலத்தைக் கவனியுங்கள். சாதாரண ட்ரைவரின் பிடி உங்கள் கைக்குள் சுழல்கிறது. இங்கே 10 சென்ரிமீற்றர் நெம்புகோல் இருக்கிறது, அதே கைப்பலம் பல மடங்காகப் போகும். சுவரில் ப்ளக் சொருகும் பேஸில் இருக்கும் சிறிய பித்தளை ஆணிகளைத் தலையோடு முறிக்க அது போதும். இரண்டு விரலால் மட்டும் தள்ளுங்கள்.

இளகினதும் ரச்செட்டை வெளியே எடுத்துவிட்டு விரலால் சுழற்றுங்கள். படி 1 இல் சொன்ன சிக்கல் இங்கேதான் வரும். கருவி சுவரோடு இறுகியபின் திசை மாற்றும் விசைக்கு விரல் எட்டாது. புரட்டிப் போட்டுத் திசை மாற்றும் வகையானால் நிலைமை இன்னும் மோசம், மறிக்கிற தட்டையே கழற்ற வேண்டி வரும்.

தையல் மெஷினின் ஊசித்தட்டுக்கு ஒரு சொல். ஊசியையும் அழுத்தும் பாதத்தையும் முதலில் கழற்றி, ஊசித்தண்டை மேலே ஏற்றிவிட்டால் வேண்டிய இடம் பாதி அங்கேயே கிடைக்கும். மெஷினோடு கொடுத்த நாணயம்போன்ற வட்டத் தட்டு இதற்கான ட்ரைவர்தான், அதைத் தேடி எடுங்கள். ஆணி இளகினதும் தட்டின் ஓட்டைகளை ஒரு துணியால் மூடுங்கள். உள்ளே விழுந்தால் பொபினைக் கழற்றித் தேட வேண்டும்.

9. திரும்பப் பூட்டுதல்

பிட்டின் முனையில் மெழுகுதிரியைத் தேய்த்தால் ஆணி ஒட்டிக்கொண்டு நிற்கும். மர ஆணியின் புரியிலும் மெழுகையே தடவுங்கள். சவர்க்காரம் ஈரத்தை இழுத்து ஆணியைக் கறளாக்கும்.

ரச்செட்டால் தொடங்க வேண்டாம். ஆணி லேசாக இருக்கும்போது கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் ஆணியும் கூடவே பின்னுக்கு வரும், பல் “டிக்” என்று தாண்டாது. பிட்டை மட்டும் விரலில் பிடித்து, முதலில் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். புரி ஒன்றில் “டக்” என்று விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலஞ்சுழி. இரண்டு மூன்று சுற்று இப்படி ஏறினபிறகே ரச்செட்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். எம்4 (4 மில்லிமீற்றர் தடிப்பு) ஆணியின் புரி இடைவெளி 0.7 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் உள்ளே போக ஏறத்தாழ 14 சுற்று, கம்பி ட்ரைவரால் 57 கால் சுற்று. ஒன்றுக்கு 4 விநாடி என்றாலும் ஒரு ஆணிக்கு 4 நிமிடம். ஆறு ஆணி உள்ள வேலையைக் கம்பி ட்ரைவரோடு இரவு 9 மணிக்குத் தொடங்க வேண்டாம்.

சிங்க்குக்குக் கீழே பலகை ஊறி ஓட்டை பெருத்திருந்தால் எந்த ட்ரைவரும் இறுக்காது. மரப்பசை தடவிய தீக்குச்சிகளை ஓட்டைக்குள் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, 2.5 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு 3.5 மில்லிமீற்றர் ஆணியைப் பூட்டுங்கள்.

10. தலை அரைந்துவிட்டால்

பிட் ஒருமுறை வழுக்கினதும் நிற்பாட்டுங்கள். இன்னும் இரண்டு தரம் முயன்றால் பள்ளம் கிண்ணமாகிவிடும். தடித்த ரப்பர் பான்ட் துண்டொன்றைப் பள்ளத்தின்மேல் விரித்து, அதன்மேல் பிட்டை வைத்து, படி 8 இல் சொன்னபடி குச்சிகளால் இறுக்கித் திருப்பிப் பாருங்கள். தலை மேலே துருத்திக்கொண்டு இருந்தால் பூட்டுக் குறடால் விளிம்பைப் பிடித்துச் சுழற்றலாம்.

அதுவும் சரிவராவிட்டால் இரும்பு அறுக்கும் வாளின் அலகை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, தலைக்குக் குறுக்கே 1 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு கோடு அறுங்கள். வளைந்த கம்பியின் சப்பை முனைக்கு அந்தக் கோடு போதும். அலகு நுழையாத இடமென்றால் பாஸைக் கூப்பிடுங்கள். தலை முழுவதும் போவதற்கு முன் கூப்பிட்டால் அவருக்கு அரை மணி வேலை, போனபிறகு என்றால் துளைத்து எடுக்க வேண்டும், கூலியும் அப்படியே ஏறும்.

11. கறளில் இருந்து காப்பாற்றுதல்

வேலை முடிந்த கையோடு பிட்களையும் கம்பியையும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் விட்டுப் பூசுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் துடைக்காமல் வைத்த பிட் ஒரே மழைக்காலத்தில் புள்ளி விழும். ரச்செட்டின் பல்லுக்குள்ளும் ஒரு துளி விட்டுப் பத்துத் தரம் சுழற்றுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசி சேர்ந்து பல் ஒட்டும். பிட் பெட்டியைச் சிங்க் அலுமாரிக்குள் வைக்காமல் அறைக்குள், மூடியுள்ள டின் ஒன்றில் வையுங்கள். மழுங்கின பிஎச்2 பிட்டை அந்த டின்னுக்குள் திரும்பப் போட வேண்டாம், அடுத்த தடவை கையில் முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும்.